படுக்கும் திரை, நிமிரும் திரை

உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியைப் பாருங்கள். அதன் திரை அகலமாகப் படுத்திருக்கிறது. கைபேசியின் திரையோ உயரமாக நிற்கிறது. கைபேசியைப் பக்கவாட்டில் திருப்பினால் படமும் திரும்பிக்கொள்கிறது. அதன் எடை இருநூறு கிராம் அளவே என்பதால், அதைத் திருப்புவது கைக்கு ஒரு வேலையே அல்ல. ஆனால் நான்கு கிலோ எடையுள்ள ஒரு கணினித் திரை மரப்பெட்டிக்குள் இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தியதும் அது தானாகவே கால் சுற்றுத் திரும்பி நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு எவ்வளவு வலுவான மோட்டார் தேவை?

"நான்கு கிலோவைத் தூக்கக்கூடிய மோட்டார்" என்று பலர் விடை சொல்வார்கள். இயற்பியல் சொல்லும் விடை வேறு. அந்த விடையைக் கண்டுபிடித்து, அதன்படி ஒரு திரும்பும் திரையை எவ்வாறு அமைக்கலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

திரையை ஏன் திருப்ப வேண்டும்?

காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓர் ஆள் உயர மரப்பெட்டி, நடுவில் திரை, அதன் கீழே ஒரு கைப்பிடியும் சில பொத்தான்களும். ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1978-இல் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் விளையாட்டு உலகெங்கும் பரவியது. அதில் பகைவர்கள் வானிலிருந்து வரிசை வரிசையாக இறங்கி வருவார்கள். இறங்கி வருவதற்கு உயரம் வேண்டும் அல்லவா? ஆகவே அதன் திரை நின்ற திரை. 1980-இல் வந்த 'பேக்-மேன்', 1981-இல் வந்த 'கேலகா', 'டாங்கி காங்' ஆகியவையும் நின்ற திரை விளையாட்டுகளே. மாறாக, 1981-இல் வெளிவந்த 'டிஃபெண்டர்' விளையாட்டில் விமானம் இடமும் வலமுமாகப் பறக்கிறது. 1991-இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாட்டில் இருவர் எதிரெதிரே நின்று சண்டையிடுகிறார்கள். இவற்றுக்கு வேண்டியது படுத்த திரை.

அக்காலத்தில் நின்ற திரை என்று தனியாக எதுவும் தயாரிக்கப்படவில்லை. சாதாரணத் தொலைக்காட்சிக் குழாயையே கால் சுற்றுத் திருப்பிப் பெட்டிக்குள் முடுக்கிவிட்டார்கள். ஒரு பெட்டிக்கு ஒரு விளையாட்டு என்பதால் இது போதுமானதாக இருந்தது.

இன்று நிலைமை மாறிவிட்டது. பழைய விளையாட்டு இயந்திரங்களைப் போலவே நடந்துகொள்ளும் 'மேம்' என்னும் கணினி நிரல் 1997-இல் வெளிவந்தது. அதன் பிறகு ஒரே கணினியில் பல விளையாட்டுகளை ஓட்ட முடிகிறது. சிலர் வீட்டிலேயே மரப்பெட்டி செய்து அதில் கணினியை வைக்கிறார்கள். அப்போதுதான் இந்தச் சிக்கல் எழுகிறது. ஒரு விளையாட்டுக்குத் திரை நிற்க வேண்டும்; அடுத்ததற்குப் படுக்க வேண்டும்.

திருப்பாமலே ஆடினால் என்ன நட்டம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நின்ற விளையாட்டின் படத்தில் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 3:4. இன்றைய அகலத் திரையின் விகிதம் 16:9. படத்தின் உயரம் 9 பங்கு என்றால் அகலம் 6.75 பங்கு. ஆகவே 16 பங்கில் 6.75 பங்கு மட்டுமே பயன்படுகிறது. இது 42 விழுக்காடு. மீதியெல்லாம் இரு பக்கமும் கறுப்புப் பட்டை. திரையைத் திருப்பி நிறுத்தினால் 75 விழுக்காடு பயன்படும்.

அலுவலகங்களில் முன்பு இருந்த 17 அங்குலச் சதுரத் திரைகளை நினைவிருக்கிறதா? அவை உண்மையில் சதுரம் அல்ல, விகிதம் 5:4. நின்ற படம் அதில் 60 விழுக்காட்டை நிரப்பும். திருப்பினால் ஏறத்தாழ 94 விழுக்காட்டை நிரப்பும். 4:3 விகிதமுள்ள படுத்த படமும் அதில் 94 விழுக்காட்டை நிரப்பும். இரண்டுக்கும் ஒரே அளவு! பழைய பொருள் என்று ஒதுக்கப்பட்ட திரைதான் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது. நம் கணக்குகளுக்கும் அதையே எடுத்துக்கொள்வோம்.

கண்ணாடிக் குழாயின் தொல்லை

பழைய கண்ணாடிக் குழாய்த் திரையையே திருப்பினால் என்ன என்று கேட்கலாம். டைட்டோ நிறுவனம் 1996-இல் செய்த 'ஈக்ரெட் 2' என்னும் பெட்டியில், குழாய்த் திரையைப் படுக்கவும் நிமிரவும் திருப்ப முடிந்தது. ஆனால் நாம் அதைச் செய்வதில் மூன்று தடைகள் உள்ளன.

முதலாவது எடை. கண்ணாடிக் குழாயின் முகப்பு மிகத் தடிமனானது. இரண்டாவது பூமியின் காந்தப் புலம். குழாய்க்குள் மின்னணுக்கள் பறந்து சென்று திரையில் மோதுகின்றன. பறக்கும் மின்னணுவைக் காந்தப் புலம் வளைக்கும் என்பது நீங்கள் படித்ததே. சென்னை காந்த நடுக்கோட்டுக்கு அதிகத் தொலைவில் இல்லை. ஆகவே இங்குப் பூமியின் காந்தப் புலம் ஏறத்தாழக் கிடையாகவே இருக்கிறது. குழாயைத் திருப்பும்போது, அதைப் பொறுத்தவரையில் இந்தப் புலத்தின் திசை மாறிவிடுகிறது. சிவப்புப் புள்ளியில் விழ வேண்டிய மின்னணு பக்கத்தில் உள்ள பச்சையில் விழுகிறது. திரையில் கறை போல நிறத் திட்டுகள் தோன்றுகின்றன. ஒவ்வொரு முறையும் காந்த நீக்கச் சுருளை இயக்கித்தான் அவற்றைப் போக்க முடியும். மூன்றாவது தடைதான் பெரியது. குழாயின் உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் அது தங்கியிருக்கும். அதைத் திறப்பது உயிருக்கு ஆபத்து.

தட்டையான திரவப் படிகத் திரைக்கு இத்தொல்லைகள் இல்லை. ஆனால் வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். படம் ஓடும்போது நான்கு பக்கமிருந்தும் பாருங்கள். சில மலிவுத் திரைகளைக் கீழிருந்து பார்த்தால் நிறம் தலைகீழாகிவிடும். அத்தகைய திரையைத் திருப்பி நிறுத்தினால் அந்தக் குறை பக்கவாட்டுக்கு வந்துவிடும். பக்கத்தில் நின்று ஆடும் நண்பருக்குப் படம் சரியாகத் தெரியாது.

மோட்டார் சுமப்பது எதை?

இனி நம் முதல் கேள்விக்கு வருவோம். திரையை முன்னும் பின்னும் நீளும் ஓர் அச்சில் பொருத்துகிறோம். அதன் எடையைத் தாங்குவது யார்? அச்சும், அச்சைப் பிடித்திருக்கும் பேரிங்கும்தான், மோட்டார் அல்ல. மோட்டார் தர வேண்டியது திருப்புவிசை மட்டுமே.

கோயமுத்தூரில் செய்யும் சாய்க்கும் கிரைண்டரை நினைத்துப் பாருங்கள். கல்லும் மாவும் சேர்ந்து நல்ல கனம். ஆனால் வீட்டில் அம்மா ஒரு கையால் அதைச் சாய்த்து மாவை எடுத்துவிடுவார். பாத்திரத்தைத் தாங்கும் அச்சு அதன் நிறை மையத்துக்கு அருகில் செல்வதே இதற்குக் காரணம். அதே பாத்திரத்தின் விளிம்பில் அச்சை வைத்திருந்தால் இருவர் சேர்ந்தாலும் சாய்ப்பது கடினம்.

நம் திரையின் கதையும் இதுவே. திரையும் அதைத் தாங்கும் தகடும் சேர்ந்து 4 கிலோ. நிறை மையம் அச்சிலிருந்து 5 சென்டிமீட்டர் விலகி இருக்கிறது என்று கொள்வோம். விலகல் பக்கவாட்டில் இருக்கும்போது புவியீர்ப்பு தரும் திருப்புவிசை:

4 × 9.8 × 0.05 = 1.96 நியூட்டன் மீட்டர்

விலகலை அரை சென்டிமீட்டராகக் குறைத்தால் இது பத்தில் ஒரு பங்காகி, 0.196 நியூட்டன் மீட்டர் என்று நிற்கும். விலகலே இல்லாவிட்டால் புவியீர்ப்புக்காக மோட்டார் எதையும் தர வேண்டியதில்லை.

அப்படியானால் மோட்டாருக்கு என்னதான் வேலை? அசையாமல் இருக்கும் பொருளைச் சுழல வைப்பதற்கும், சுழல்வதை நிறுத்துவதற்கும் திருப்புவிசை வேண்டும். இதைக் கணக்கிட நிலைமத் திருப்புத்திறன் தெரிய வேண்டும். 37 சென்டிமீட்டர் அகலமும் 31 சென்டிமீட்டர் உயரமும் உள்ள செவ்வகத் தட்டாகத் திரையைக் கருதினால்:

4 × (0.37² + 0.31²) ÷ 12 = 0.078 கிலோகிராம் மீட்டர்²

90 பாகையை 3 விநாடியில் கடக்க வேண்டும். முதல் ஒன்றரை விநாடி வேகம் கூடுகிறது. அடுத்த ஒன்றரை விநாடி குறைகிறது. ஆகவே முதல் 45 பாகை, அதாவது 0.785 ரேடியன், 1.5 விநாடியில் கடக்கப்படுகிறது. கோண முடுக்கம் 0.70 ரேடியன்/விநாடி² என்று வரும். இதை நிலைமத் திருப்புத்திறனால் பெருக்கினால் வேண்டிய திருப்புவிசை 0.054 நியூட்டன் மீட்டர்.

இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சுழற்றுவதற்கு 0.054, 5 சென்டிமீட்டர் சமனின்மைக்கு 1.96. பின்னது முன்னதைப் போல 36 மடங்கு! பெரிய மோட்டார் வாங்குகிறவர் திரையைச் சுழற்றுவதற்காக அதை வாங்கவில்லை. சமன் செய்யாத குறைக்காகவே வாங்குகிறார்.

அவசரத்துக்கும் இதே விலை உண்டு. 3 விநாடிக்குப் பதிலாக அரை விநாடியில் திரும்ப வேண்டும் என்று ஆசைப்பட்டால், காலம் 6 பங்கு குறைகிறது. முடுக்கமோ 36 மடங்கு கூடுகிறது. திருப்புவிசை ஏறத்தாழ 1.95 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். 5 சென்டிமீட்டர் சமனின்மையும் இரண்டரை விநாடிப் பொறுமையின்மையும் மோட்டாருக்கு ஒரே சுமைதான்.

பாம்பனில் இதே பாடம்

இது சிறிய பொருளுக்கு மட்டும் பொருந்தும் விதி என்று எண்ண வேண்டாம். இராமேசுவரத்துக்குச் செல்லும் பழைய பாம்பன் இரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே எழுந்தது. நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள அந்த எஃகுக் கைகளைத் தொழிலாளர்கள் கையாலேயே இயக்கித் திறந்தார்கள். எவ்வாறு முடிந்தது? ஒவ்வொரு கையின் கரைப்பக்க முனையிலும் எதிர் எடை இருந்தது. ஒரு பக்கம் எழும்போது மறுபக்கம் இறங்கியது. மனிதர்களுக்கு மிச்சமிருந்த வேலை உராய்வையும் காற்றையும் வெல்வது மட்டுமே.

2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி முழுவதும் நேர் மேலே 17 மீட்டர் உயர்கிறது. இப்போது இயக்குவது மின்மோட்டார். ஆனாலும் எதிர் எடைகள் அங்கும் உண்டு. மோட்டார் வந்த பிறகும் சமன் செய்வதைப் பொறியாளர்கள் விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தாம்பரத்திலிருந்து மறைமலை நகர் வரை ஜி.எஸ்.டி. சாலையில் செல்பவர்கள் டயர்க் கடைகளில் வீல் பேலன்சிங் செய்வதைப் பார்த்திருக்கலாம். காரின் சக்கர விளிம்பில் சிறிய உலோகத் துண்டு ஒன்றை வைத்துச் சக்கரத்தைச் சமன் செய்கிறார்கள். வாகனத் தொழிலுக்குப் பெயர் பெற்ற இப்பகுதியில் அன்றாடம் நடக்கும் இவ்வேலையைத்தான் நாமும் நம் திரைக்குச் செய்யப்போகிறோம்.

சமன் செய்யும் முறை

திரையின் பின்புறம் நான்கு திருகு துளைகள் சதுரமாக இருக்கும். துளைகளுக்கு இடையே 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளி. அவற்றில் ஒரு தகட்டைப் பொருத்தி, தகட்டின் நடுவே 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு அச்சை இணைக்க வேண்டும். இதை ஒரு லேத் பட்டறையில் செய்து வாங்கலாம். அச்சு படத்தின் நடுப்புள்ளிக்கு நேராக அமைய வேண்டும். இல்லையேல் திரை திரும்பும்போது படம் இடம் மாறும். துளைகளின் மையமும் படத்தின் மையமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாமல் அளந்து பாருங்கள்.

அச்சைத் தாங்க ஒரு பேரிங் போதாது. உறையோடு வரும் பேரிங்குகள் இரண்டு வேண்டும். கடையில் 'பிளம்மர் பிளாக்' என்று கேட்டால் தருவார்கள். திரையின் நிறை மையம் முன் பேரிங்குக்கு 10 சென்டிமீட்டர் முன்னால் தொங்குகிறது என்றும், இரு பேரிங்குகளுக்கும் இடைவெளி 10 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். நெம்புகோல் விதிப்படி முன் பேரிங் 8 கிலோ எடையை மேல்நோக்கித் தாங்கும். பின் பேரிங் 4 கிலோ எடைக்குச் சமமான விசையால் அச்சைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்கும். ஆகவே பின் பேரிங்கின் திருகுகளும் உறுதியாக இருக்க வேண்டும். 4 கிலோ திரை 8 கிலோ சுமை தருகிறதே என்று வியக்க வேண்டாம். பேரிங்குகளை விலக்கி வைத்தால் இச்சுமை குறையும்.

இப்போது மோட்டாரை இணைக்காமல் திரையைக் கையால் படுத்த நிலையில் வைத்து மெதுவாக விடுங்கள். அது எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம் கனம் அதிகம். எதிர்ப் பக்க விளிம்பில் ஒரு சிறு பையைத் தொங்கவிட்டு, திரை அசையாமல் நிற்கும் வரை அதில் நட்டுகளைப் போட்டுக்கொண்டே வாருங்கள். பிறகு பையை எடுத்துவிட்டு, அதே எடையுள்ள இரும்புப் பட்டையை அதே தொலைவில் தகட்டோடு திருகிவிடுங்கள். அடுத்து, திரையைக் கால் சுற்றுத் திருப்பி நிறுத்தி, இதையே மீண்டும் செய்யுங்கள்.

ஏன் இரண்டு முறை? நிறை மையம் அச்சிலிருந்து பக்கவாட்டிலும் விலகியிருக்கலாம். மேல் கீழாகவும் விலகியிருக்கலாம். படுத்த நிலையில் பக்கவாட்டு விலகல் மட்டுமே திருப்புவிசை தரும். மேல் கீழ் விலகல் அச்சுக்கு நேர் மேலேயோ கீழேயோ இருப்பதால் அப்போது வெளிப்படாது. கால் சுற்றுத் திருப்பினால் அது பக்கவாட்டுக்கு வந்து, தன்னைக் காட்டிக்கொடுக்கும். நிறை மையம் 2 சென்டிமீட்டர் விலகியிருந்தால், 4 × 2 = 8. எதிர்ப் பக்கத்தில் 16 சென்டிமீட்டர் தொலைவில் அரைக் கிலோ வைத்தால், 0.5 × 16 = 8. கணக்குச் சரி.

வேலை முடிந்தபின் திரையை எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். இதுவே நடுநிலைச் சமநிலை. ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். 4 கிலோ எடை எங்கே போயிற்று என்று வியப்பீர்கள்.

கால் சுற்றில் நிறுத்துவது எப்படி?

மோட்டார் இடைவிடாமல் சுற்றுவது. திரையோ 90 பாகை மட்டும் திரும்பி நிற்க வேண்டும். இதே தேவை உள்ள ஒரு கருவி ஒவ்வொரு காரிலும் இருக்கிறது. மழைநீரைத் துடைக்கும் வைப்பர்தான் அது! அதன் மோட்டார் ஒரே திசையில் சுற்றுகிறது. துடைப்பானோ போய் வருகிறது. இடையில் இருப்பது ஒரு சுழல்கையும் ஓர் இணைப்புத் தண்டும்.

நாமும் அவ்வாறே செய்வோம். திரையின் அச்சில் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள கை ஒன்று. அதன் முனை 90 பாகை நகரும்போது, தொடக்கப் புள்ளிக்கும் இறுதிப் புள்ளிக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் 14.14 சென்டிமீட்டர். இந்த நேர்கோட்டை ஒரு பக்கம் நீட்டி, நீட்டிய கோட்டின் மேல் மோட்டாரின் அச்சு வருமாறு பொருத்துங்கள். மோட்டாரின் சுழல்கைக்கு 14.14-இல் பாதி, அதாவது 7.07 சென்டிமீட்டர் நீளம். இணைப்புத் தண்டு 25 சென்டிமீட்டர் இருக்கட்டும். தண்டும் சுழல்கையும் ஒரே நேர்கோட்டில் நீண்டு நிற்கும்போது தூரம் 25 + 7.07, மடங்கி நிற்கும்போது 25 − 7.07. இரண்டுக்கும் வேறுபாடு 14.14. ஆகவே மோட்டார் அரைச் சுற்றுச் சுற்றினால் திரை மிகச் சரியாகக் கால் சுற்றுத் திரும்பும். தண்டின் நீளத்தைச் சற்று மாற்றி, மோட்டாரையும் அதே அளவு நகர்த்தினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் மூன்று நன்மைகள் உண்டு. முதலாவது, இரு முனைகளிலும் திரை மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்கும். உச்சத்தில் வேண்டிய திருப்புவிசை நாம் முன்பு கண்டதைப் போல் இரு மடங்கு ஆகலாம், ஆனாலும் ஏறத்தாழ 0.1 நியூட்டன் மீட்டர் அளவிலேயே இருக்கும். இரண்டாவது, முனையில் மோட்டார் 5 பாகை தாண்டி நின்றாலும் திரை 0.3 பாகைக்கு மேல் பிசகாது. மூன்றாவது, சுவிட்ச் பழுதாகி மோட்டார் நிற்காமல் ஓடினால் திரை எதன் மீதும் மோதாது. போய் வந்துகொண்டிருக்கும், அவ்வளவே. கம்பிகளும் கால் சுற்றுக்கு மேல் முறுக்கிக்கொள்ளாது.

அரைச் சுற்றுக்கு 3 விநாடி என்றால் நிமிடத்துக்கு 10 சுற்று. 12 வோல்ட்டில் இயங்கும் இத்தகைய கியர் மோட்டார்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கின்றன. சுழற்ற 0.1, மிச்சமுள்ள சமனின்மைக்கு 0.2, உராய்வுக்கும் கம்பிகள் வளைவதற்கும் 0.2 என்று தாராளமாக ஒதுக்கினாலும் மொத்தம் 0.5 நியூட்டன் மீட்டர். இரு மடங்காக 1 நியூட்டன் மீட்டர் மோட்டார் வாங்கினால் போதும். கடைக்காரர் இதை 10 கிலோகிராம் சென்டிமீட்டர் என்று சொல்வார்.

மோட்டாரை நிறுத்துவதற்கும் வைப்பரே வழிகாட்டி. வைப்பரைப் பாதியில் அணைத்தாலும் அது தன் இடத்துக்குப் போய்த்தான் நிற்கிறது அல்லவா? நாம் சுழல்கையின் அச்சில் ஒரு வட்டத் தட்டைப் பொருத்தி, எதிரெதிராக இரண்டு பள்ளங்கள் வெட்டுவோம். தட்டின் விளிம்பில் ஒரு சிறு லிமிட் சுவிட்சின் உருளை ஓடும். பள்ளத்தில் உருளை இறங்கினால் மின்சுற்று துண்டிக்கப்படும், மோட்டார் நிற்கும். இந்தச் சுவிட்சுக்குப் பக்க இணைப்பாக ஓர் அழுத்து பொத்தான். பொத்தானைக் கணநேரம் அழுத்தினால் மோட்டார் நகரும், உருளை மேடேறும், பிறகு கையை எடுத்துவிட்டாலும் அடுத்த பள்ளம் வரை மோட்டார் ஓடும். ஒரு பொத்தான், ஒரு சுவிட்ச், ஒரு ஃபியூஸ், ஒரு மோட்டார். மின்சுற்று அவ்வளவே.

விரல்கள் பத்திரம்

திரை திரும்பும்போது அதன் மூலைகள் ஒரு வட்டத்தை வரைகின்றன. அவ்வட்டத்தின் விட்டம் திரையின் மூலைவிட்டமே. 37, 31 என்னும் அளவுகளுக்குப் பிதாகரஸ் தேற்றப்படி 48.3 சென்டிமீட்டர். பெட்டியின் உள்ளகலம் 49 இருந்தால் திரை திரும்பிவிடும். ஆனால் இடையே நுழைந்த ஒரு குழந்தையின் விரலும் நசுங்கிவிடும். உள்ளகலம் 54 சென்டிமீட்டராவது இருக்கட்டும்.

1 நியூட்டன் மீட்டர் மோட்டாரை நேரடியாக இணைத்தால், மூலையில் அது தரும் விசை 4 நியூட்டன் அளவே. அரைக் கிலோ எடையைவிடக் குறைவு. பத்து மடங்கு பெரிய மோட்டாராயின் 4 கிலோ எடையளவு அழுத்தும். சமன் செய்வதன் பயன் மின்சாரச் சிக்கனம் மட்டுமன்று என்பது இப்போது புரிகிறதா? ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. தண்டும் சுழல்கையும் நேர்கோட்டை நெருங்கும்போது சிறிய மோட்டாரின் விசையும் பல மடங்கு பெருகும். ஆகவே இணைப்புத் தண்டை இரண்டு துண்டாக்கி நடுவே ஒரு வில்சுருளை வையுங்கள். தடை ஏற்பட்டால் சுருள் வளைந்துகொடுக்கும். பெட்டியின் முன்புறம் அக்ரிலிக் தகடும், பின்புறம் ஒட்டுப்பலகைக் கதவும் கட்டாயம் வேண்டும். சுழல்கை இருக்கும் இடத்தில் மின்சாரம் இருக்கும்போது கை வைக்கக் கூடாது. 230 வோல்ட் மின்சாரம் கடையில் வாங்கிய மூடிய பவர் சப்ளையோடு நிற்கட்டும். நீங்கள் தொடுவது 12 வோல்ட் பக்கம் மட்டுமே.

செய்து பாருங்கள்

திரையும் மோட்டாரும் வாங்குமுன் ஓர் அட்டை மாதிரி செய்யலாம். 37 சென்டிமீட்டருக்கு 31 சென்டிமீட்டர் அட்டை ஒன்றை வெட்டி, நடுவில் ஆணியால் துளையிட்டுச் சுவரில் தளர்வாக மாட்டுங்கள். ஒரு மூலையில் ஐந்து ரூபாய் நாணயத்தை ஒட்டுங்கள். அட்டை ஒரு நிலையில்தான் நிற்கும். இப்போது இன்னும் இரண்டு நாணயங்களை மட்டும் பயன்படுத்தி, ஆனால் அவற்றை மூலைவிட்டத்தின் பாதித் தொலைவுக்குள்ளேயே ஒட்டி, அட்டை எந்தக் கோணத்திலும் நிற்கும்படி செய்ய முடியுமா? முடியும். எங்கே ஒட்ட வேண்டும் என்பதைத் தாளில் கணக்கிட்டுவிட்டுப் பிறகு ஒட்டுங்கள். கணக்குச் சரியாக இருந்தால் அட்டை விட்ட இடத்தில் நிற்கும். அது நின்றுவிட்டால், கடையில் எந்த மோட்டாரைக் கேட்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று பொருள்.